மூலமும் மெய்ம்மையும்: ஆங்கில நாட்டுப் பழைய பந்தய மோட்டார்களைக் குறித்து

1990-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் உயர்நீதி மன்றத்தில் விந்தையானதொரு வழக்கு விசாரணைக்கு வந்தது. ஒருவர் தம் பழைய மோட்டார் வண்டியை ஒரு கம்பெனியாருக்கு விற்க உடன்பட்டார். விலை ஒரு கோடிப் பவுன் மதிப்புடையது. பின்னர் வாங்க இசைந்தோர், 'இது நீர் சொன்ன வண்டி அன்று' எனக் கூறிப் பின்வாங்கினர். வண்டியோ பெண்ட்லி கம்பெனியார் செய்த 'ஸ்பீடு சிக்ஸ்' வகையைச் சார்ந்தது. 'ஓல்டு நம்பர் ஒன்' எனப் புகழ்பெற்றது. பிரான்சு நாட்டு லெ மான் நகரில் நடைபெறும் இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்தில் 1929, 1930 ஆகிய ஈராண்டும் முதலிடம் பெற்றது. அந்த வண்டி இதுதானா, அன்றா? இதனைத் துணிதற்கு நீதிபதி ஆட்டன் அவர்கள் வண்டியின் அச்சும் சட்டமும் ஒவ்வொன்றாக ஆராய வேண்டியதாயிற்று.

அவ்வண்டியின் வரலாற்றைக் கேட்பார்க்கு அவ்வாராய்ச்சியின் அருமை புலனாகும். 1929-ஆம் ஆண்டில் வுல்ஃப் பார்னட்டோ, டிம் பர்க்கின் என்னும் இருவரும், 1930-ஆம் ஆண்டில் பார்னட்டோவும் கிளென் கிட்ஸ்டனும் அதனைச் செலுத்தி வென்றனர். பந்தய வண்டியாதலின், ஒரு பந்தயத்திற்கும் மறு பந்தயத்திற்கும் இடையே, அதனைச் செய்தோரே அதன் உறுப்புக்களைக் கழற்றி வேறு உறுப்புக்களைப் பூட்டி வந்தனர். 1931-ஆம் ஆண்டில் பெண்ட்லி கம்பெனி நொடித்து, ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியாரின் கைக்கு மாறிற்று. 1932-ஆம் ஆண்டில் அவ்வண்டியில் எட்டு லிட்டர் எஞ்சின் ஒன்று பொருத்தப்பெற்றது. அவ்வாண்டு செப்டம்பர் மாதம் புரூக்லண்ட்ஸ் ஓட்டக்களத்தில் நிகழ்ந்த ஐந்நூறு மைல் பந்தயத்தில், அஃது உயர்ந்து சரிந்த கரையின் விளிம்பைக் கடந்து வீழ்ந்தது. செலுத்திய கிளைவ் டன்ஃபீ உயிர் துறந்தார். சிதைந்த வண்டியைப் பார்னட்டோ மீண்டும் கட்டுவித்து, மூடிய கூண்டுடைய வண்டியாக்கினார். அதன் பின்னரும் பலர் கைப்பட்டுப் பல மாறுதல்களை அடைந்தது. வழக்கு மன்றத்தை எய்தியபோது, 1929-ஆம் ஆண்டில் லெ மானில் ஓடிய இரும்பு அதன்கண் எஞ்சியிருந்தது மிகச் சிறிதே.

நீதிபதி என்ன தீர்ப்பளித்தார்? இதனை மூல வண்டி என்று சொல்லலாகாது என்றார். ஆயினும் இது தொடக்கமுதல் இடையறாத வரலாற்றை உடையது. அப்பெயர்க்கு முறையாக உரிமை கூறவல்ல வேறு வண்டி இருந்ததுமில்லை, இருப்பதுமில்லை. ஆகவே இதுவே மெய்யான 'ஓல்டு நம்பர் ஒன்' என்று துணிந்தார். விற்றவர் வென்றார், வாங்க இசைந்தோர் உடன்படிக்கையை நிறைவேற்றக் கடமைப்பட்டனர்.

ஒரே பொருளை 'மூலம் அன்று' எனவும் 'மெய்யானது' எனவும் ஒருங்கே கூறுதல் முரணன்றோ எனின், அன்று. இவ்விரு சொற்களும் ஒருபொருட் கிளவிகள்போல வழங்கப்படுதலே இத்துறையில் விளையும் குழப்பங்கட்குப் பெரிதும் காரணம் என்பது எமது கருத்து. மூலத்தன்மையாவது, பட்டறையினின்று வெளிப்பட்ட நாளில் இருந்த இரும்பும் மரமும் தோலுமே இன்றும் இருத்தல். மெய்ம்மையாவது, ஒரு பொருள் தன்னை யாதெனக் கூறிக்கொள்கின்றதோ, அதுவாகவே இருத்தல். முன்னையது பொருளைப் பற்றியது. பின்னையது அப்பொருளைக் குறித்துச் சொல்லும் சொல்லைப் பற்றியது. முன்னையது நாள்தோறும் தேய்வது; ஒருகால் போயின் மீளாதது. பின்னையது மாந்தர் பொய் கூறினாலன்றித் தேயாதது. மூலத்தன்மையைப் பெரிதும் இழந்த வண்டியும் மெய்யானதாகலாம். மூலத்தன்மை மிகவுடைய வண்டியும் பொய்யுரைக்கலாம். இதனை ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'செல்வர்தம் விளையாட்டுப் பொருளைக் குறித்து நமக்கென்ன கவலை?' என்று நம் கல்லூரி அன்பர் சிலர் வினவலாம். அவ்வினா தகுதியுடையதே. ஆயினும், இவ்வண்டிகள் செல்வர் வாங்கியவையேயன்றிச் செல்வர் செய்தவை அல்ல. தச்சரும் கொல்லரும் தோல் தைப்போரும் தம் கைத்திறனை அவற்றில் வைத்துச் சென்றனர். பலர் தம் பெயரை எங்கும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் இருந்தனர் என்பதற்கு அவ்வேலையே சான்று. மேலும் இக்குடும்பம் நமக்கு முற்றிலும் அயலதன்று. சென்னையை அடுத்த வண்டலூரில் 1961-ஆம் ஆண்டு முதல் செய்யப்பெற்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டியை நம் பாட்டனார் காலத்தவர் நன்கறிவர். அதற்கு மூலமாகிய ட்ரையம்ப் ஹெரால்டின் அடிச்சட்டத்தைத் தழுவியே, 1962-ஆம் ஆண்டில் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார் இங்கிலாந்தில் வெளிவந்தது.

ஆங்கில நாட்டுப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் இக்கேள்வி கூர்மையாக எழுவதற்குக் காரணங்கள் உள. 1919-ஆம் ஆண்டில் தோன்றிய பெண்ட்லி கம்பெனியார் 1931-இல் கைமாறும்வரை செய்தவை ஏறத்தாழ 3,000 வண்டிகளே. அவர்கள் விற்றது எஞ்சினும் சக்கரங்களும் அமைந்த அடிச்சட்டம். அதன்மேற் கூண்டினை வாங்குவோர் வேறு பட்டறையிற் கொடுத்துக் கட்டுவித்துக்கொள்வர். ஆதலின் அவ்வண்டி பிறக்கும்போதே இரு பட்டறைகளின் மகவாயிற்று. ஆபிங்டன் நகரில் 1945 முதல் 1949 வரை ஏறத்தாழ 10,000 என்னும் தொகையிற் செய்யப்பெற்ற எம்.ஜி. 'டி.ஸி.' வண்டியோ, இரும்பு அடிச்சட்டத்தின்மேல் ஆஷ் என்னும் மரத்தாற் சட்டங்கள் நிறுத்தி, அவற்றின்மீது இரும்புத் தகடு போர்த்தப்பெற்றது. மழையும் பனியும் மிகுந்த நாட்டில் மரம் உளுத்துப்போம், தகடு துருவேறிப்போம். ஓட்டுவோரோ விரைவை விரும்பும் இளைஞர். மோதுதலும் கவிழ்தலும் இயல்பு. எனவே பிறந்தபடியே இருக்கும் வண்டி அரிது. அவ்வருமையினாலேயே அதற்கு விலை உயர்ந்தது. விலை உயர்ந்தமையின் பொய்யும் உடன் வளர்ந்தது.

வண்டியின் உயிர் எவ்வுறுப்பில் உள்ளது? இங்கிலாந்தின் வண்டிப் பதிவு அலுவலகத்தார் நெடுங்காலம் கையாண்டுவந்த கணக்கொன்று ஈண்டு நினைக்கத்தக்கது. பெரிதும் மாற்றப்பெற்ற வண்டி தன் பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ள வேண்டுமாயின், எட்டுப் புள்ளிகளேனும் பெறல் வேண்டும் என்பது விதி. அடிச்சட்டத்திற்கு 5 புள்ளி. வில்லமைப்பு, அச்சுக்கள், கியர் அமைப்பு, ஸ்டியரிங் அமைப்பு ஆகிய ஒவ்வொன்றிற்கும் 2 புள்ளி. எஞ்சினுக்கோ 1 புள்ளிதான். வண்டியின் நெஞ்சம் என நாம் கருதும் எஞ்சின் கடையிடம் பெற்றது. ஒருவரும் ஏறெடுத்துப் பாராத அடிச்சட்டம் தலையிடம் பெற்றது. எஞ்சின் தேய்ந்து மாறுவது இயல்பு. சட்டமோ ஏனைய உறுப்புக்களையெல்லாம் தாங்கி நிற்பது. அலுவலகத்திற்கு ஒரு கணக்கு வேண்டும். அவ்வளவில் இஃது ஏற்றதே. ஆனால் புள்ளிகளைக் கூட்டி வண்டியின் பெயரைத் துணியலாமேயன்றி, அதன் வரலாற்றைத் துணிதல் இயலாது.

இதனைத் தமிழ் பயில்வார்க்குப் பழக்கமானதோர் உவமையால் தெளியலாம். ஒரு நூலுக்குப் பாடம் என்பது வேறு. அப்பாடத்தைத் தாங்கிய ஏடு என்பது வேறு. ஏடு செல்லரித்துப் போகும். மற்றொரு பனையோலையிற் பெயர்த்தெழுதினால் பாடம் பிழைக்கும். செய்யுளைப் பொறுத்தவரை அதனால் இழப்பில்லை. ஆனால் இருநூறு ஆண்டுக்கு முற்பட்ட ஏடு ஒன்றைக் காட்டி, இஃது இன்னாருடைய கையெழுத்து என்று சொல்லுங்கால், அந்த ஓலையே வேண்டும்; அதன் நகல் போதாது. மோட்டார் வண்டியிலும் இவ்விரண்டும் உள. வரைபடமும் அளவும் அதன் பாடம். அது நூறு முறை பெயர்த்தெழுதப்படலாம். 1929-ஆம் ஆண்டில் லெ மானில் இரவெல்லாம் ஓடிய அந்த ஒரு வண்டி, ஓர் ஏடு. அது பெயர்த்தெழுதப்படுவதன்று. இவ்விரண்டையும் பிரித்தறிந்தால் பெரும்பாலான வழக்குகள் தாமே தீரும்.

சான்றாக ஜாகுவார் கம்பெனியாரின் செயல்களை எடுத்துக்கொள்வோம். லெ மான் பந்தயத்திற்கென அமைந்த தம் 'டி-டைப்' வண்டிகளைச் சாலைக்கு ஏற்றவாறு திருத்தி, 'எக்ஸ்.கே.எஸ்.எஸ்.' என்னும் பெயரால் 25 வண்டிகள் செய்ய அவர்கள் கருதினர். 1957-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் இரவு கவென்ட்ரி நகரத்துத் தொழிற்சாலையில் நேர்ந்த பெருந்தீயில் 9 வண்டிகள் எரிந்தொழிந்தன, எஞ்சியவை 16. ஏறத்தாழ அறுபதாண்டு கழிந்தபின், 2016-ஆம் ஆண்டில், அவ்வொன்பது வண்டிகளையும் மீண்டும் செய்து தருவதாக அக்கம்பெனியார் அறிவித்தனர். ஒன்றன் விலை பத்து லட்சம் பவுனுக்கு மேல். இதற்கு முன்னர், 2014-ஆம் ஆண்டில், எடை குறைந்த 'இ-டைப்' வண்டிகளில் ஆறினைச் செய்தனர். 1963-இல் 18 வண்டிகட்கு எண் ஒதுக்கியிருந்தும் 12 மட்டுமே செய்யப்பெற்றமையால், எஞ்சிய ஆறு எண்களை இவற்றிற்கு அளித்தனர்.

இவ்வண்டிகளைப் போலி என்று இகழ்தல் தகாது. பழைய தொழிலைப் புதிய கைகள் கற்றன. தகட்டைத் தட்டி வளைக்கும் அருங்கலை அழியாது நின்றது. செய்தோரும், இவை 'தொடர்ச்சி வண்டிகள்' என்றே வெளிப்படையாகக் கூறினர். பாடத்தைப் பொறுத்தவரை குறையொன்றுமில்லை. ஆயினும், செய்யப்படாது போன ஒன்றின் எண்ணை அறுபதாண்டு கழித்துப் பிறந்த ஒன்றிற்குச் சூட்டுதல் எமக்கு உடன்பாடன்று. அந்த எண்ணில் ஒரு வரலாறு உண்டு. தீயில் எரிந்தது என்பதே, அல்லது பணியை இடையில் நிறுத்தினர் என்பதே அவ்வரலாறு. வெற்றிடமும் ஒரு சான்றுதான். அதனை நிரப்புவோர், தாம் அறியாமலே, நிகழ்ந்ததொன்றை நிகழாததுபோல ஆக்குகின்றனர். இன்று வாங்குவோர்க்கு உண்மை தெரியும்; இன்னும் நூறாண்டு கழிந்தபின், தாள்கள் தொலைந்து எண் மட்டும் எஞ்சுங்கால், யார் அறிவார்? புதிய ஏட்டிற்குப் புதிய எண் இடுதலே நேர்மை.

இதற்கு மாறானதொரு காட்சியும் உண்டு. எம்.ஜி. கம்பெனியார் 1962 முதல் 1980 வரை செய்த 'எம்.ஜி.பி.' வண்டிகள் ஐந்து லட்சத்திற்கு மேற்பட்டவை. இவற்றிற்குத் தனி அடிச்சட்டம் கிடையாது. தகட்டாலாகிய உடற்கூடே சட்டமுமாகும். துரு அவ்வுடலைத் தின்றது. ஆபிங்டன் தொழிற்சாலையோ 1980-இல் மூடப்பெற்றது. 1988-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்னும் நிறுவனத்தார், பழைய அச்சுக்கருவிகளைத் தேடி ஒருங்கு சேர்த்து, புதிய உடற்கூடுகளை அடித்து விற்கத் தொடங்கினர். பழைய வண்டியின் எஞ்சின், அச்சு, இருக்கை யாவற்றையும் கழற்றிப் புதிய கூட்டில் அமைத்தனர் பலர். இங்கே மூலத்தன்மை பெரிதும் போயிற்று. மெய்ம்மை போயிற்றா? எமது கருத்தில் இல்லை. உடையவர், 'இதன் உடல் புதியது. மற்றவை பழையவை' என்று சொல்லும்வரை அது மெய்யான எம்.ஜி. வண்டியே. எளிய வருவாயுடைய ஆசிரியரும் கணக்கரும் தம் வண்டியைக் குப்பைக்கு அனுப்பாமல் ஓட்டுவதற்கு இது வழிசெய்தது.

ஆயின், உறுப்புக்கள் பெரும்பாலும் பழையனவாய் இருந்தும் பொய்யுரைக்கும் வண்டிகள் எவை? பழைய பெண்ட்லி வண்டிகளுள் பல, மூடிய கூண்டுடையனவாய், மருத்துவரும் வணிகரும் குடும்பத்தோடு செல்வதற்கெனக் கட்டப்பட்டவை. பிற்காலத்தில் லெ மான் பந்தய வண்டிகளின் புகழ் ஓங்கவே, அக்கூண்டுகளை உடைத்தெறிந்து, சிலவற்றில் அடிச்சட்டத்தையும் அறுத்துக் குறுக்கி, பந்தய வண்டியின் வடிவில் திறந்த கூண்டுகளைக் கட்டினர். அடிச்சட்டம் பழையது, எஞ்சின் பழையது, எண்ணும் பழையது. ஆயினும் அவை தம் வாழ்வில் என்றும் இருந்திராத உருவில் நிற்கின்றன. 1920-களில் ஆங்கிலேயர் எல்லோரும் திறந்த பந்தய வண்டியிலேயே சென்றனர்போலும் என்று காண்போர் எண்ணுவர். உண்மையில் அழிந்தவை எளிய கூண்டுகள். பெருகியவை வீரர் கூண்டுகள். ஒவ்வொருவரும் தத்தம் வண்டியில் ஒரு சிறு மாறுதலே செய்தனர். எல்லோரும் அதனையே செய்தமையின் ஒரு காலத்தின் உருவமே மாறிப்போயிற்று.

மிகையாகப் புதுக்குதலும் இவ்வகையதே. போட்டிக்கென நிறுத்தப்படும் வண்டிகளை நோக்கின், கண்ணாடிபோல் ஒளிரும் வண்ணமும், மயிரிழையும் பிசகாத தகட்டு இடைவெளியும் காணப்படும். ஆபிங்டனில் வாரக்கூலிக்கு உழைத்தோர் அத்துணை நுட்பமாகச் செய்ய அவர்கட்கு நேரமும் இல்லை, கட்டளையும் இல்லை. பிறந்த நாளில் இருந்ததினும் அழகாய் இருப்பது, பிறந்தபடி இருப்பதாகாது. இருக்கைத் தோலில் விழுந்த சுருக்கம், கதவருகே கை பட்டுத் தேய்ந்த வண்ணம், பந்தயத்தில் நேர்ந்த நசுக்கைத் தட்டி நிமிர்த்திய வடு ஆகிய இவையெல்லாம் அவ்வண்டியின் கையெழுத்து. அவற்றைத் தேய்த்து அழித்தபின், மீண்டும் வரவழைக்க ஒரு கொல்லனாலும் ஆகாது.

இவ்வகையில் கட்டட அறிஞர் நமக்கு முன்னரே வழிகாட்டியுள்ளனர். 1964-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் கூடிய அறிஞர் பழங்கட்டடங்களைக் காத்தற்கென வகுத்த சாசனத்தில் மூன்று நெறிகள் சிறந்தன. ஊகம் தொடங்குமிடத்தில் புதுக்கும் பணி நிற்றல் வேண்டும். பல காலத்தார் சேர்த்த பகுதிகள் யாவும் மதிக்கப்பெறல் வேண்டும். புதிதாகச் சேர்ப்பது பழையதோடு இசைதலும் வேண்டும், இது புதிது என அறிய நிற்றலும் வேண்டும். பழைய வண்டிகட்கான உலகச் சங்கமாகிய ஃபீவா என்னும் அமைப்பினர், இதனைத் தழுவியே டுரின் சாசனம் என ஒன்றை ஏற்றுக்கொண்டுள்ளனர். கோபுரத்திற்கும் தேவாலயத்திற்கும் ஒத்த அறம் ஒரு வண்டிக்கும் ஒத்தல் இயல்பே; இரண்டும் இறந்தோர் கைவேலை.

இனி, அறிந்தே செய்யும் வஞ்சகத்தைக் குறித்துச் சிறிது கூறுவாம். தம்ஸ் டிட்டன் நகரத்து ஏ.ஸி. கம்பெனியாரின் அடிச்சட்டமும் உடலும், அமெரிக்க எஞ்சினும் சேர்ந்து 1962-ஆம் ஆண்டு முதல் வெளிவந்த 'கோப்ரா' வண்டிகள் ஏறத்தாழ ஆயிரமே. அதன் உருவைப் பின்பற்றிச் செய்தவையோ அத்தொகைக்குப் பன்மடங்கு மேற்பட்டவை. அவற்றுட் பெரும்பாலன, 'யாம் நேர்ப்படிகள்' என்று ஒப்புக்கொண்டு ஓடுகின்றன, அவற்றின்மேற் குற்றமில்லை. குற்றம் எங்கு உளதெனின், சிதைந்துபோன வண்டியின் எண் தகட்டை மட்டும் எடுத்துப் புதிய வண்டியிற் பதித்து, அதுவே இது என்று விற்குமிடத்து உளது. வேதாகமத்தில் யாக்கோபு, தமையனாகிய ஏசாவின் ஆடையை உடுத்து, கைகளில் ஆட்டுக்குட்டித் தோலைப் போர்த்து, கண் மங்கிய ஈசாக்கின் முன் நின்ற காட்சியே நமக்கு நினைவு வருகின்றது. ஈசாக்கு தடவிப் பார்த்தான். தோல் மெய்யாயிருந்தது, ஆள் வேறாயிருந்தான். எண் தகட்டைத் தடவி வாங்குவோரும் அத்தகையரே. ஆதலினாலன்றோ தொழிற்சாலைப் பதிவேடுகளை நோக்கி, இன்ன எண்ணுடைய வண்டி இன்ன நாளில் இன்ன வண்ணத்தில் இன்ன எஞ்சினோடு வெளிப்போந்தது எனச் சான்றிதழ் வழங்கும் பணியை, கேடன் நகரத்துப் பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தார் போன்றோர் மேற்கொண்டுள்ளனர்.

'வண்டி ஓடுதற்கே செய்யப்பட்டது. எதனையும் மாற்றாதே என்பீராயின், அது பிணமாய்க் கண்ணாடிப் பெட்டியுள் கிடக்கும்' என்பர் ஒரு சாரார். இவர் கூற்றில் பெரும்பகுதி எமக்கு உடன்பாடே. டயர் தேயும், பிரேக்குக்கு உறை மாற்ற வேண்டும். 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது இங்கிலாந்தில் ஈயம் கலந்த பெட்ரோல் பொது விற்பனையினின்று நீங்கிற்று. ஈயமற்ற எண்ணெயில் ஓடுதற்குப் பல பழைய எஞ்சின்களில் வால்வின் இருக்கைகளை உரம் பெற்ற உலோகத்தால் மாற்ற வேண்டியதாயிற்று. இவை காலத்தின் கட்டாயங்கள். ஓடாத வண்டியின் ஒலியும் அதிர்வும் எண்ணெய் மணமும் அழிந்துபோகின்றன. அவையும் அதன் மெய்ம்மையின் கூறுகளே. ஆதலின் யாம் மாறுதலைக் கடியவில்லை, மறைத்தலையே கடிகின்றோம்.

'உறுப்பெல்லாம் மாறியபின் அதுவோ இதுவோ என்பது வெறும் சொல்விளையாட்டு. பெயரை எதற்கிடினும் ஒன்றே' என்பர் மற்றொரு சாரார். கிரேக்கப் பேரறிஞர் புளூட்டார்க் உரைத்த தீசியஸ் கப்பலை இவர் எடுத்துக்காட்டுவர். ஏதென்ஸ் நகரத்தார் அதன் பலகைகளை, உளுக்க உளுக்க, ஒன்றொன்றாக மாற்றி வந்தனர். இறுதியில் அஃது அக்கப்பலேதானா என்று தத்துவ அறிஞர் வழக்கிட்டனர். ஆங்கில மெய்ந்நூலார் ஹாப்ஸ் 1655-ஆம் ஆண்டில் இவ்வழக்கை மேலும் சிக்கலாக்கினார்: கழித்த பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து மற்றொரு கப்பல் கட்டினால், இரண்டில் எது தீசியஸின் கப்பல்? பந்தய வண்டிகளில் இஃது ஏட்டளவில் நிற்கவில்லை. மோதிச் சிதைந்த சட்டம் ஓரிடத்தும், கழற்றிய எஞ்சின் மற்றோரிடத்தும் சென்று, இரண்டும் இரு வண்டிகளாக வளர்ந்து, ஒரே எண்ணுக்கு உரிமை கோரி நிற்றல் உண்டு. இது சொல்விளையாட்டாயின் நீதிமன்றம் எதற்கு? விடை காண்டல் அரிதென்பதனால் வினா பொய்யாகிவிடாது. இத்தகைய இடத்தில் இரு வண்டிகளின் வரலாறும் முழுமையாகச் சொல்லப்பெறுமாயின், யாரும் ஏமாற்றப்படார்; பெயர் எதற்கு என்பதைப் பின்னர் அமைதியாகத் துணியலாம்.

இவற்றால் யாம் துணிவன சில. பழைய உறுப்பால் பணி நடக்குமாயின் அதனை மாற்றற்க. மாற்றின், கழித்த உறுப்பை எறியாமற் பெயரிட்டு வைக்க. புதிய உறுப்பில், மறைவானதோர் இடத்தேனும், செய்த ஆண்டைப் பொறிக்க. செய்த வேலையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி, வண்டியோடு அதனையும் அடுத்தவர்க்குக் கையளிக்க. நேர்ப்படி செய்வோர் அதனை நேர்ப்படி என்றே அழைக்க. இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டா; நாணமின்றி உண்மை சொல்லும் மனமே வேண்டும். 'இந்த வண்டியில் எவ்வளவு பழையது?' என்று வினவுவோர், அதனோடு நில்லாது, 'இவ்வண்டியைக் குறித்து எனக்குச் சொல்லப்பட்டதில் எவ்வளவு உண்மை?' எனவும் வினவல் வேண்டும்.

'ஓல்டு நம்பர் ஒன்' வண்டியின் வெற்றிகளை மட்டும் கூறுவோர் அதன் பாதியையே கூறுகின்றனர். புரூக்லண்ட்ஸில் ஓர் இளைஞர் அதில் உயிர் துறந்ததும், அதன் பின் அது வேறுருக் கொண்டு வீதியில் உலவியதும், உறுப்பு உறுப்பாக மாறியதும் அவ்வண்டியே. 1929-ஆம் ஆண்டின் இரும்பு அதில் இல்லையென்று வருந்துவோர், 1932-ஆம் ஆண்டின் துயரம் அதில் உண்டென்பதை மறத்தலாகாது. வென்ற வண்டி மட்டுமே வேண்டும், மாண்ட கதை வேண்டா எனின், நாம் வேண்டுவது வண்டியை அன்று. நம் விருப்பத்தின் உருவையே. பழம்பொருள் எதுவாயினும், நாம் விரும்பும் நாளில் அதனை நிறுத்திவைக்க நமக்கு உரிமையில்லை. அது கடந்துவந்த நாளெல்லாம் அதற்கே உரியன. அவற்றைக் குறையாமல் எழுதி அடுத்த தலைமுறைக்கு ஒப்புவித்தலே நம்பால் உள்ள கடன்.